மேஜைமேல் இருக்கும் அந்த ஒரு தாள்: கிராமப்புற விடுதிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிராமப்புறத்தில் விடுதியும் பண்ணைவீடும் ஹோம்ஸ்டேயும் நடத்துகிற அன்பர்களுக்கு,

வணக்கம். விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் நகரத்தை விட்டுக் கிளம்பி, உங்களைப் போன்றவர்களின் வீடுகளில் வந்து தங்குகிறவன் நான். கட்டிலைப் பற்றியோ வெந்நீரைப் பற்றியோ குறை சொல்ல இதை எழுதவில்லை. அறைக்குள் நுழைந்ததும் மேஜைமேல் ஒரு தாள் வைத்திருப்பீர்களே, ‘அருகில் பார்க்க வேண்டிய இடங்கள்’ என்று தலைப்புப் போட்டு, அதைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

எங்கே போனாலும் அந்தத் தாள் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கிறது. கோட்டை, 12 கி.மீ. அருவி, 18 கி.மீ. பழைய கோயில், 7 கி.மீ. காட்சிமுனை, 22 கி.மீ. அவ்வளவுதான். எந்த நேரத்துக்குப் போவது, எந்தப் பக்கம் நிற்பது, எதைக் கவனித்துப் பார்ப்பது, அது ஏன் அங்கே இருக்கிறது, இதில் ஒன்றுகூட இருக்காது. தூரத்தைக் கைப்பேசியே சொல்லிவிடும். அங்கேயே பிறந்து வளர்ந்த உங்களுக்கு மட்டும் தெரிந்தது அந்தத் தாளில் வருவதில்லை. அதை எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன்பு அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று குடும்பத்தோடு ஒரு விடுதியில் தங்கியிருந்தோம். தாளில் முதல் வரியே கோட்டை. நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியதில் உச்சிவெயிலுக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். படிக்கட்டில் கால் வைக்க முடியவில்லை. அம்மா பாதி வழியிலேயே ஒரு பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டார். மேலே ஏறிய நாங்கள் கண்டதெல்லாம் வெளுத்துப்போன சுவரும் கண் கூசுகிற பாறையும்தான். “இதுக்கா வந்தோம்?” என்று மகன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு இருபது நிமிடத்தில் இறங்கிவிட்டோம்.

அன்று இரவு விடுதிக்குக் காவலுக்கு வருகிற பெரியவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர், “மத்தியானம் போயி என்னத்தப் பாப்பீங்க? வெயில் ஏறிட்டா கல்லுல ஒண்ணுந் தெரியாது. காலையில ஆறரைக்கெல்லாம் போயிருங்க. வாசலுக்கு இடக்கைப் பக்கம் நின்னு பாருங்க. அம்மாவால படியேற முடியாதுன்னா பின்னால வண்டிப்பாதை ஒண்ணு இருக்கு, மெதுவா நடந்துரலாம்” என்றார்.

மறுநாள் அப்படியே செய்தோம். எதிரே இருந்த குன்றைத் தாண்டிச் சூரியன் அப்போதுதான் மேலே வந்திருந்தது. வெளிச்சம் சுவரின்மேல் நேராக விழாமல், சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் போனது. முதல் நாள் மொட்டையாகத் தெரிந்த அதே கல்லில் மூன்று வரி எழுத்து. ஒவ்வொரு கீறலுக்குள்ளும் நிழல் நிறைந்து, மையால் எழுதியதுபோல் எழும்பி நின்றது. அதற்குக் கீழே, வேறு வேறு கற்களில், விரல் நீளத்துக்கு ஓர் அம்புக்குறி, ஒரு கட்டத்துக்குள் பெருக்கல் குறி. கல் வெட்டியவர்கள் போட்ட அடையாளம். காலடியில் இருந்த பாறையின் விளிம்பில் வரிசையாகப் பல்போல் அரைக்குழிகள். குழி வெட்டி, ஆப்பு இறக்கி, பாறையைப் பிளந்து எடுத்த இடம் அது. குழியின் ஒரு பாதி இங்கே இருக்கிறது, மறு பாதி சுவருக்குள் எங்கேயோ ஒரு கல்லில் இருக்கிறது. மகன் அந்தக் குழிகளை எண்ணத் தொடங்கினான். பதினொன்று. பிறகு அந்த மறு பாதிக் கல்லைத் தேடிச் சுவரோரமாகவே நடந்தான். அவனைக் கிளப்பி வருவதற்குள் பத்து மணி ஆகிவிட்டது. முந்தின நாள் நாங்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டதும் அதே சுவரின் முன்னால்தான்.

அந்தப் பெரியவர் சொன்னது மூன்றே விஷயம்: நேரம், நிற்கும் இடம், மாற்றுப் பாதை. மூன்றும் உங்கள் தாளில் ஒரு வரியில் அடங்கிவிடும்.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை. கல்வெட்டு ஆய்வாளர்கள் தேய்ந்துபோன எழுத்தைப் படிக்கச் சாய்வெளிச்சத்தைத்தான் நம்புவார்கள். இருட்டில் ஒரு விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்ப்பது அவர்களுடைய பழைய வழக்கம். காலையும் மாலையும் அந்த வேலையைச் சூரியன் நமக்குச் செய்து கொடுக்கிறது. புடைப்புச் சிற்பம், தூணில் செதுக்கிய கொடி, பழைய வயல்வரப்பின் மேடு, இடிந்து புல் மூடிய அடித்தளம், எல்லாமே சூரியன் தாழ்வாக இருக்கும்போதுதான் வடிவம் கொள்கின்றன. ஆனால் எல்லா இடத்துக்கும் காலைதான் நல்ல நேரம் என்று எழுதிவிட முடியாது. புதுக்கோட்டைப் பக்கம் நார்த்தாமலையில் இருக்கும் விசயாலய சோழீச்சரம் மேற்குப் பார்த்த கோயில். அதன் முகப்பில் மாலை வெயில் விழும். காலையில் போகிறவருக்கு முகப்பு நிழலில்தான் கிடைக்கும். கட்டடம் எந்தத் திசை பார்த்து இருக்கிறது என்பது தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. தினமும் அந்த வழியாகப் போய்வருகிற உங்களுக்கு அது தெரியாமல் இருக்காது.

ஊர்க்காரர் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அயர்லாந்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. நியூகிரேஞ்ச் என்ற இடத்தில் ஒரு பெரிய மண்மேடு. அதற்குள் ஒரு கல்லறை, சுமார் 5,200 ஆண்டுப் பழமை. எகிப்தின் பெரிய பிரமிடைவிட மூத்தது. வாசலிலிருந்து கல்லறைக்குப் போகும் ஒடுக்கமான நடை சுமார் 19 மீட்டர். சூரியன் வருடத்தில் ஏதோ ஒரு சமயம் உள்ளே வரும் என்று அந்த வட்டாரத்தில் ஒரு பேச்சு காலங்காலமாக இருந்தது. அங்கே அகழாய்வு செய்துகொண்டிருந்த மைக்கேல் ஓ’கெல்லி அந்தப் பேச்சை ஒதுக்கித் தள்ளவில்லை. 1967 டிசம்பர் 21 அன்று, வருடத்தின் மிகக் குறுகிய பகல் நாட்களில் ஒன்றில், விடியுமுன்பே போய் உள்ளே தனியாகக் காத்திருந்தார். சூரியன் எழுந்ததும் வாசலுக்கு மேலே இருந்த ஒரு சிறு திறப்பு வழியாக ஒரு கீற்று வெளிச்சம் நடை முழுவதும் ஓடி உள்ளறைவரை வந்தது. சுமார் 17 நிமிடம் நின்றது. மண்ணைத் தோண்டிக் கிடைக்காத ஒன்று, ஊர்ப்பேச்சைக் காதில் வாங்கியதால் கிடைத்தது. உங்கள் பாட்டி சொன்ன ‘தை மாசத்துல அந்த மண்டபத்துக்குள்ள வெயில் வரும்’ என்பது மாதிரியான ஒரு சொல் இருந்தால், தயவுசெய்து அதைத் தாளில் எழுதுங்கள். அது சரியா தவறா என்று வருகிறவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்.

பருவமும் அப்படித்தான். மழை பொய்த்த கோடையில் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது என்ன பார்க்க இருக்கிறது என்று நினைப்போம். ஆனால் மண்ணுக்குள் பழைய அகழி புதைந்திருந்தால் அங்கே ஈரம் தங்கி, மேலே உள்ள பயிர் மட்டும் பச்சையாக நிற்கும். கல்சுவர் புதைந்திருந்தால் அதன் மேலே உள்ள பயிர் முதலில் வாடும். மேலிருந்து பார்த்தால் புதைந்துபோன கட்டடத்தின் வரைபடமே வயலில் தெரியும். இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழைய கல்வட்டத்துக்குப் பக்கத்தில் உட்ஹெஞ்ச் என்ற வட்ட வடிவத் தடம் 1925-இல் வானூர்தியிலிருந்து பார்த்தபோதுதான் வெளிப்பட்டது. 2018 கோடையின் கடும் வறட்சியில் நியூகிரேஞ்சுக்கு அருகிலேயே இன்னொரு பெரிய வட்டத்தை ட்ரோன் காட்டிக்கொடுத்தது. ஒவ்வொரு வீட்டுப் பின்புறத்திலும் ஒரு பழைய நகரம் இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் ‘இது சீசன் இல்லை’ என்று விருந்தினரைத் திருப்பி அனுப்புவதற்கு முன்பு, அந்த மாதத்தில் மட்டும் தெரிகிற ஏதாவது உங்கள் பக்கத்தில் உண்டா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

அடுத்து, எதைப் பார்ப்பது. ‘புராதனமான கோட்டை’, ‘கண்ணைக் கவரும் கலைநயம்’ என்றெல்லாம் எழுதுகிறீர்கள். எந்தக் கோட்டைக்கும் எந்தக் கோயிலுக்கும் பொருந்துகிற சொற்கள் அவை. அதற்குப் பதில் ஒரே ஒரு பொருளைச் சுட்டிக் காட்டினால் போதும். சித்தன்னவாசல் குடைவரைக்குப் போகிறவரிடம் ‘அண்ணாந்து பாருங்கள்’ என்று இரண்டு சொல் சொன்னால் போதும். விதானத்தில் ஒரு தாமரைக்குளமே இருக்கிறது: மீன், பறவை, யானை, தாமரை பறிக்கும் மனிதர்கள். சுவரை மட்டும் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர் அதை இழந்துவிடுவார். பிரான்ஸின் தெற்கே போன் து கார் என்ற ரோமானிய நீர்ப்பாலம் இருக்கிறது. ஆற்றுக்கு மேல் சுமார் 49 மீட்டர் உயரம், மூன்று அடுக்கு வளைவுகள். யாரும் சொல்லாமலே எவரும் வியந்துவிடுவார்கள். ஆனால் அந்தப் பாலம் சுமார் 50 கி.மீ. நீளமுள்ள ஒரு வாய்க்காலின் ஒரு சிறு பகுதி என்பதும், அந்த 50 கி.மீ. முழுவதற்கும் மொத்தச் சரிவு 12 மீட்டர் சொச்சம்தான் என்பதும் தெரிந்த பிறகு பாருங்கள். தண்ணீர் நிற்கவும் கூடாது, பாய்ந்து கரையை அரிக்கவும் கூடாது என்று கணக்குப் போட்டவர்களை நினைத்துத் திரும்ப ஒருமுறை பார்ப்போம். பாலத்தின் பக்கவாட்டில் அங்கங்கே துருத்திக்கொண்டு நிற்கும் கற்கள்கூட அப்போது கண்ணில் படும். கட்டும்போது சாரத்தைத் தாங்குவதற்காக விட்ட கற்கள் அவை. வேலை முடிந்த பிறகும் அப்படியே நிற்கின்றன.

சாரம் என்றதும் இன்னொன்று. பழைய சுவர்களில் ஒரே இடைவெளியில், ஒரே மட்டத்தில், சிறு சதுரத் துளைகள் வரிசையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அம்பு விடுகிற ஓட்டை என்று வழிகாட்டிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பல இடங்களில் அவை சாரம் கட்ட மரக்கட்டை செருகிய துளைகள். வரிசைக்கு வரிசை அண்ணாந்து எண்ணிக்கொண்டு போனால், கொத்தனார்கள் எத்தனை தட்டு ஏறி வேலை செய்தார்கள் என்பதே தெரிந்துவிடும். போர்க்கதையைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதேபோல ‘இங்கிருந்து அரண்மனைக்குச் சுரங்கப்பாதை போகிறது’ என்ற கதை. நான் போன அநேகமாக எல்லாக் கோட்டையிலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருக்கிறார். சொல்லக்கூடாது என்று கேட்கவில்லை. கதையைக் கதை என்று எழுதுங்கள், கல்வெட்டில் இருப்பதைக் கல்வெட்டில் இருக்கிறது என்று எழுதுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால், உண்மையான பெருமையையும் பிள்ளைகள் நம்பாமல் போய்விடுகிறார்கள்.

எத்தனை இடம் என்பது சின்ன விஷயம். பதினாறு வேண்டாம், ஐந்து போதும். ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ‘கவர்’ பண்ணுகிற வேகத்தில் வருகிறவர்களை நிறுத்தி உட்கார வைக்க உங்களால்தான் முடியும்.

இயற்கைக் காட்சிகளுக்கு வருகிறேன். இங்கே அழகைப் பற்றிச் சொல்வதற்கு முன் உயிரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அருவி என்று எழுதிப் பக்கத்தில் தூரத்தை மட்டும் போட்ட தாளை நம்பி, மழைக்காலத்தில் பிள்ளைகளோடு போகிறவர்கள் எத்தனை பேர்! வெளியூர்க்காரருக்குத் தெரியாத விஷயம் இதுதான்: தான் நிற்கிற இடத்தில் வானம் தெளிவாக இருக்கும், மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும், வந்தால் ஒரே வீச்சில் வரும். தெளிந்திருந்த தண்ணீர் கலங்கலாக மாறுவது, இலையும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது, இந்த மூன்றில் எதைக் கண்டாலும் பையையும் செருப்பையும் விட்டுவிட்டு உடனே மேட்டுக்கு ஏற வேண்டும். உங்களுக்கு இது சின்ன வயதிலிருந்து தெரியும். யாரும் சொல்லிக்கொடுத்த ஞாபகம்கூட இருக்காது. அதனாலேயே எழுதத் தோன்றாமல் போகிறது. மற்ற எதை எழுதாவிட்டாலும் இதைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். எந்தப் பாறை வழுக்கும், எந்த மடுவில் சுழல் இருக்கிறது என்பதையும். பெயர் தெரியாத ஒரு வீட்டுப் பிள்ளையை அந்த ஒரு வரி காப்பாற்றும்.

அதை எழுதிய பிறகு, அழகை எழுதுங்கள். அருவியில் வானவில் தெரிய வேண்டுமென்றால் சூரியன் நம் முதுகுப் பக்கம், சற்றுத் தாழ்வாக இருக்க வேண்டும், சாரல் எதிரே இருக்க வேண்டும். ஆகவே கிழக்குப் பார்த்து விழும் அருவிக்குக் காலையில் போக வேண்டும், மேற்குப் பார்த்ததற்கு மாலையில். காட்சிமுனையில் சூரிய அஸ்தமனம் பார்க்கக் கூட்டம் கூடும், சூரியன் விழுந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிற அரைமணி நேரத்தில்தான் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலமாகிப் பிரிந்து தெரியும். ‘உடனே இறங்காதீர்கள், ஆனால் கையில் டார்ச் இருக்கட்டும்’ என்று ஒரு வரி. சில இடங்களை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால்தான் விளங்கும். அஜந்தா குகைகள் வாகூர் ஆற்றின் வளைவில் குதிரை லாடம்போல் அமைந்தவை. குகை குகையாக நுழைந்து பார்க்கிறவருக்கு அந்த வளைவு பிடிபடாது, எதிர்மேட்டில் ஏறி நின்றால் முழுவதும் ஒரே பார்வையில் அகப்படும். 1819-இல் அந்தப் பக்கம் புலிவேட்டைக்குப் போன ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேய அதிகாரியும் எதிர்மேட்டிலிருந்துதான் முதலில் கண்டார் என்பார்கள்.

இனி, தாளில் பெயரே இல்லாதவற்றைப் பற்றி. எனக்கு மனசுக்கு மிக நெருக்கமான விஷயம் இது. பாழடைந்த தண்ணீர் ஆலை, பழைய கல்பாலம், வழிப்போக்கர்கள் சுமை இறக்கிவைத்த சுமைதாங்கிக் கல், எழுத்து மறைந்த மைல்கல், சாந்தே இல்லாமல் அடுக்கிய கல்சுவர். இவையெல்லாம் ‘இடம்’ என்ற கணக்கிலேயே வருவதில்லை. நுழைவுச்சீட்டு இல்லாததால் மதிப்பும் இல்லை என்று ஆகிவிட்டது. சாந்தில்லாமல் கல் அடுக்கும் கலையை, கிரீஸ், இத்தாலி, ஸ்பெயின் உள்ளிட்ட எட்டு ஐரோப்பிய நாடுகளின் பெயரில் யுனெஸ்கோ 2018-இல் தன் கலை மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. வயலோரத்துச் சுவரைக் கட்டிய கைகளுக்கு அந்த மரியாதை. உங்கள் தோட்டத்து வேலியோரம் அப்படி ஒரு சுவர் இருந்தால், அதை யார் கட்டினார்கள், இப்போது யாருக்குக் கட்டத் தெரியும் என்று இரண்டு வரி எழுதுங்கள். விருந்தினர் காலையில் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வரட்டும். வண்டியே எடுக்க வேண்டாம்.

கவனிக்க ஆள் இல்லாதபோது இவை எப்படிக் காணாமல் போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் வடக்கே ரோமப் பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 122-இல் கட்டத் தொடங்கிய எல்லைச்சுவர் சுமார் 117 கி.மீ. நீளம். பேரரசு போன பிறகு நூற்றாண்டுக் கணக்கில் அது ஒரு கல்குவாரி மாதிரிதான் பயன்பட்டது. பக்கத்து வீடுகள், தொழுவங்கள், தேவாலயங்கள் எல்லாவற்றிலும் அந்தக் கல் போய்ச் சேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஜான் கிளேட்டன் என்பவர் சுவர் போகிற நிலங்களை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கி, கல் எடுப்பதை நிறுத்தினார். இன்று அங்கே சில இடங்களில் சுவர் நிற்பதே அந்த ஒரு மனிதர் காட்டிய அக்கறையால். அதே சுவரோரம், இரண்டு மேடுகளுக்கு நடுவே தனியாக நின்ற ஒரு மரம், எத்தனையோ பேர் பார்க்கவென்றே நடந்துவந்த மரம், 2023 செப்டம்பரில் ஒரு ராத்திரியில் அறுத்துத் தள்ளப்பட்டது. மறு வருடம் அடிமரத்தில் துளிர் விட்டது என்ற செய்தி வந்தபோது, அந்த மரத்தை நேரில் பார்த்திராத நானும் நிம்மதியடைந்தேன்.

அதனால்தான், பார்க்க அனுப்புகிற நீங்களே எப்படிப் பார்ப்பது என்பதையும் சொல்ல வேண்டும் என்கிறேன். ‘அத்துமீறுவோர் தண்டிக்கப்படுவர்’ என்ற பலகை யாருக்கும் எதையும் விளக்குவதில்லை. காரணத்தைச் சொன்னால் பிள்ளைகள்கூடக் கேட்டுக்கொள்கிறார்கள். பிரான்ஸில் லாஸ்கோ குகை ஓவியங்களை 1940-இல் நான்கு சிறுவர்கள் கண்டுபிடித்தார்கள். பதினேழாயிரம் ஆண்டுகள்போல நிலைத்திருந்த ஓவியங்கள். 1948-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பதினைந்தே ஆண்டில், 1963-இல், மூட வேண்டியதாயிற்று. யாரும் கீறவில்லை, உடைக்கவில்லை. வந்தவர்களின் மூச்சும் ஈரமும் சூடும் விளக்கு வெளிச்சமும் சேர்ந்து சுவரில் பாசி பிடிக்க வைத்துவிட்டன. இப்போது மக்கள் பார்ப்பது பக்கத்தில் கட்டிய நகலைத்தான். மூச்சே இவ்வளவு செய்யும் என்றால், எழுத்து தெரியட்டும் என்று கல்வெட்டில் சாக்பீஸ் தேய்ப்பதும், ஓவியத்தில் தண்ணீர் தெளிப்பதும், சிற்பத்தின்மேல் ஏறி உட்காருவதும் என்ன செய்யும்? எழுத்து தெரிய வேண்டுமென்றால் காலையில் வாருங்கள் என்று சொல்லுங்கள். சாக்பீஸுக்குத் தேவையே இருக்காது.

சுவரில் பெயர் கிறுக்குவதைப் பற்றிக் குறைப்பட்டபோது, ‘பழைய காலத்தில் மட்டும் சுவரில் எழுதவில்லையா?’ என்று ஒரு கல்லூரி மாணவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. இலங்கையில் சிகிரியா மலைக்கோட்டையில், பளபளப்பாக மெருகேற்றியதால் ‘கண்ணாடிச் சுவர்’ என்று பெயர்பெற்ற சுவரில், பாறையில் தீட்டிய ஓவியப் பெண்களைப் பார்க்க வந்தவர்கள் ஆயிரம் வருடங்களுக்கு முன்பே கவிதை கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். தொல்லியலாளர் செனரத் பரணவிதான அவற்றில் 685 பாடல்களைப் படித்து 1956-இல் வெளியிட்டார். பழைய சிங்களக் கவிதைக்கு அது ஒரு புதையல். அன்றைக்கு அந்தச் சுவருக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர், ஒவ்வொருவரும் பார்த்ததைப் பற்றி எழுதினார்கள். இன்றைக்கு ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் வருகிறோம், எழுதுவது நம் பெயரைத்தான். எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு உங்கள் விடுதியில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக் கொடுங்கள். அன்று பார்த்ததைப் பற்றி நாலு வரி எழுதட்டும்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். எத்தனை படி, நடுவில் உட்கார இடம் உண்டா, கழிப்பறை எங்கே, குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா, என்றைக்கு விடுமுறை. வயதானவர்களை அழைத்து வருகிறவர்களுக்கு இவைதான் முதல் கேள்விகள். மேலே ஏற முடியாதவருக்குக் கீழேயே பார்க்க ஏதாவது இருக்கிறதா என்றும் சொல்லுங்கள். அன்று மறுநாள் காலையில் அம்மாவால் வண்டிப்பாதை வழியாக மேலே வர முடிந்தது என்பதை நான் மறக்கவே மாட்டேன். வழிபாடு நடக்கிற இடமென்றால், எந்த வேளையில் போனால் அவர்களுக்குத் தொந்தரவு இருக்காது என்று எழுதுங்கள். பாதை யாருடைய நிலத்தின் வழியாகவாவது போனால், படலைத் திறந்தவர் மூடிவிட்டுப் போக வேண்டும் என்றும், வரப்பில் நடக்கலாம், பயிரில் கூடாது என்றும் எழுதுங்கள். ஒரு தடவை ஆடு உள்ளே புகுந்து மேய்ந்துவிட்டால், அந்த விவசாயி மறுநாளே பாதையை முள் போட்டு அடைத்துவிடுவார். அவர் மேல் தப்பே சொல்ல முடியாது.

இதையெல்லாம் எழுத நீங்கள் எழுத்தாளராக இருக்க வேண்டியதில்லை. அச்சடிக்கவும் வேண்டாம், கையெழுத்தே போதும். ஒரு நாள் சாயங்காலம் உங்கள் வீட்டுப் பெரியவர்கள், மாடு மேய்க்கிறவர், பள்ளிக்கூட ஆசிரியர், காவலுக்கு வருகிறவர் என்று நாலு பேரோடு உட்கார்ந்து, ‘வெளியூர்லேர்ந்து ஒருத்தர் வந்தா நீங்க எங்க கூட்டிட்டுப் போவீங்க, எத்தனை மணிக்கு, ஏன்?’ என்று கேளுங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தாளின் அடியில் கால் பக்கம் வெறுமையாக விட்டுவையுங்கள். அருவிப் பாதையில் மரம் விழுந்திருக்கிறது, மண்டபத்துத் தூணில் தேன்கூடு கட்டியிருக்கிறது என்று போய் வந்தவர்கள் எழுத அந்த இடம் வேண்டும். தேதியும் போடச் சொல்லுங்கள்.

நாங்கள் தங்கிய அந்த விடுதியில், கிளம்புகிற அன்று காலை, மேஜைமேல் இருந்த தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் இப்படி எழுதி வைத்துவிட்டு வந்தேன்: “கோட்டை: காலை ஆறரை. வாசலுக்கு இடக்கைப் பக்கம் நின்று பாருங்கள், மூன்று வரி எழுத்து இருக்கிறது. காலடிப் பாறையில் பதினொரு ஆப்புக்குழி. படியேற முடியாதவர்களுக்குப் பின்னால் வண்டிப்பாதை உண்டு. சொன்னவர், இங்கே இரவுக் காவலுக்கு வருகிற ஐயா. அவரிடம் இன்னும் கேளுங்கள்.”

அன்புடன்,
உங்கள் விருந்தினர்களில் ஒருவன்